பொங்கலில் எண்ணுகிறோம், பங்குனியில் யார் பார்ப்பது?

1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டை ஒட்டிய ஊர்களில் குரங்குகள் செத்து விழுந்தன. அடுத்து மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ், ரஷ்யாவில் பரவும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தபோது, அது அங்கிருந்து இங்கே எப்படி வந்திருக்கும் என்ற கேள்வி எழுந்தது. ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள்மேல் சந்தேகம் விழுந்தது. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் முன்னெடுப்பில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, உடம்பில் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பொறுக்கும் வேலையில் இறங்கியது. நோயைப் பரப்புவது உள்ளூர்க் காட்டு உண்ணிதான் என்று பின்னால் உறுதியானது. பறவைகள் மீதான வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் இந்தியாவில் வலசைப் பறவை ஆய்வு பெரிய அளவில் வேர்விட்டது அந்த வழக்கின் புண்ணியத்தில்தான்.

இவை நமக்கு என்ன நோயைக் கொண்டுவருகின்றன என்பதுதான் அன்றைய கேள்வி. நம் ஊரில் தங்கும் ஆறேழு மாதம் இவற்றின் உடம்பை என்ன செய்கிறது என்ற எதிர்க்கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்ததுபோலப் பேசுவது மட்டும் நடக்கிறது. சென்னைப் பறவை ஆர்வலர்களிடையே அடிக்கடி காதில் விழும் வாசகம் இது: “நகரம் எவ்வளவு கெட்டாலும் பாருங்கள், வருஷா வருஷம் வந்துவிடுகின்றன. அப்படியென்றால் இங்கே அவற்றுக்கு நன்றாகத்தானே இருக்கிறது?” இந்த “அப்படியென்றால்” தாங்குமா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

திருவல்லிக்கேணியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். மாட வீதிகளில் மரத்தை விளக்கு வைத்துத் தேட வேண்டும். ஆனால் பார்த்தசாரதி கோயிலிலிருந்து கடற்கரை நோக்கி நடந்தால் மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களின் முதிய மரங்கள் வருகின்றன. ஐப்பசி பிறந்ததும் எங்காவது ஒரு செம்பருத்தி வேலிக்குள்ளிருந்து, நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல “சக்... சக்...” என்று விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். ஆள் தெரியாது. கால்மணி நேரம் அசையாமல் நின்றால் இலைக்கு அடியில் மங்கிய பழுப்பு நிறத்தில், வெண்மையான கழுத்தோடு ஒரு சின்னப் பறவை தலைநீட்டி, இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை கொத்திவிட்டு மறையும். பிளித் நாணல் கதிர்க்குருவி. பிறந்த இடம் ரஷ்யாவும் மத்திய ஆசியாவும். இதன் இன்னொரு உறவான பச்சைக் கதிர்க்குருவி மரத்தின் மேல்தட்டில் வாழ்வது. எடை எட்டு கிராம் அளவுக்குத்தான் வரும். இரண்டுமே தம் சிறகுகளை இந்தியாவில் தங்கும் காலத்தில் மாற்றிக்கொள்கின்றன. அதாவது திரும்பிப் போகும்போது அவை அடித்துப் பறக்கும் இறகு, நம் ஊர் மரத்துப் பூச்சியைத் தின்று முளைத்தது. தங்குமிடம் எப்படிப்பட்டது என்பது வெறும் வசதிப் பிரச்சினையாக நில்லாமல் உடம்பின் பிரச்சினையாவது இதனால்தான்.

தங்குமிடத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்புக்கு உலகத்தில் கிடைக்கும் மிக வலுவான சான்று ஜமைக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஃபான்ட் ஹில் என்ற இடத்தில் ஈரமான அலையாத்திக் காடும், அதை ஒட்டியே வறண்ட புதர்க்காடும் இருக்கின்றன. வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ரெட்ஸ்டார்ட் என்ற சிறு குருவி இரண்டிலும் தங்குகிறது. ஆனால் சமமாக அல்ல. வயதில் மூத்த ஆண்கள் அலையாத்திக் காட்டைப் பிடித்துக்கொள்கின்றன. பெண்களும் இளசுகளும் பெரும்பாலும் புதருக்குத் துரத்தப்படுகின்றன. டிசம்பர் தாண்டி வறட்சி கூடக் கூட, அலையாத்தியில் இருப்பவை எடையைக் காத்துக்கொள்கின்றன, புதரில் இருப்பவை மெலிகின்றன. மெலிந்தவை ஊருக்குக் கிளம்புவதும் தாமதமாகிறது.

இங்கே ஒரு சந்தேகம் நியாயமாக எழும். ஜமைக்காவில் மெலிந்த குருவிதான் ஊருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? எட்டு கிராம் குருவியின் முதுகில் கருவி கட்டி அனுப்ப முடியாத காலம் அது. பீட்டர் மாராவும், கீத் ஹாப்சன், ரிச்சர்ட் ஹோம்ஸ் ஆகியோரும் 1998-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்குச் சொன்ன விடை அழகானது. ஈரநிலத்துச் செடியிலும் வறண்ட நிலத்துச் செடியிலும் கனமான கார்பன் சேரும் விகிதம் சற்று வேறுபடும். அந்த வேறுபாடு செடியைத் தின்ற பூச்சிக்கும், பூச்சியைத் தின்ற குருவிக்கும் போகும். நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் வசந்தத்தில் வந்திறங்கிய குருவிகளின் திசுவைச் சோதித்தபோது, முதலில் வந்தவற்றின் உடம்பில் ஈரநிலத்தின் அடையாளமும், பிந்தி வந்தவற்றில் வறண்ட நிலத்தின் அடையாளமும் இருந்தன. குளிர்காலம் எங்கே கழிந்தது என்பது வெயில்காலக் காட்டில் வைத்தே படிக்கக்கூடியதாகிவிட்டது.

இருந்தாலும் திறனாய்வாளன் இன்னொரு கேள்வி கேட்கலாம். வலிமையான குருவி நல்ல இடத்தைப் பிடிக்கிறது, நலமாக இருக்கிறது. அப்படியானால் நலத்துக்குக் காரணம் இடமா, பிறவி வலிமையா? இந்த முடிச்சை அவிழ்த்தது காலின் ஸ்டட்ஸும் மாராவும் 2005-இல் வெளியிட்ட சோதனை. அலையாத்திக் காட்டின் மூத்த குருவிகளை அகற்றிவிட்டு, காலியான இடத்துக்கு மற்றவை வந்து குடியேறுவதைக் கவனித்தார்கள். இடம் மேம்பட்ட குருவிகள் எடையைக் காத்துக்கொண்டன, முன்னதாகக் கிளம்பின, அடுத்த ஆண்டு அதிக விகிதத்தில் திரும்பி வந்தன. காரணம் இடம்தான் என்று இதற்குமேல் தெளிவாக நிறுவுவது கடினம். ஒரு குறை மட்டும் சொல்லலாம். நல்ல இடத்தில் தங்கிய பெண் குருவி கூடுதலாக இரண்டு குஞ்சுகளுக்கு மேல் வளர்த்துவிடும் என்று 2004-இல் ரயன் நாரிஸும் சகாக்களும் சொன்ன கணக்கை மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது ஒரு மாதிரிக்கணக்கின் முன்கணிப்பு. கூட்டில் எண்ணிப் பார்த்த எண்ணிக்கைபோல அதைப் பேசக் கூடாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் களக்காடு–முண்டந்துறையில் மதுசூதன் கட்டியும் ட்ரெவர் பிரைஸும் பச்சைக் கதிர்க்குருவியைத்தான் பல குளிர்காலங்கள் தொடர்ந்தார்கள். பிரைஸ் அதற்கு முன்பே கிழக்குத் தொடர்ச்சி மலையில், இந்தக் குருவி குளிர்காலத்திலும் தனக்கென எல்லை வகுத்து, கத்திக் கத்தி அக்கம்பக்கத்தாரை விரட்டிக் காவல் காப்பதை 1981-இல் எழுதியிருந்தார். கட்டி–பிரைஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு ஜமைக்காக் கதையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய நினைப்பவரைத் திடுக்கிட வைக்கும். மழை பொய்த்து, பூச்சி குறைந்த ஆண்டில்தான் குருவிகளின் உடம்பில் கொழுப்பு அதிகம் இருந்தது.

கொழுப்பை எப்படிப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. வலையில் விழுந்த குருவியை, இரண்டு விரல்களுக்கு நடுவில் கழுத்து வருமாறு மல்லாக்கப் பிடிப்பார்கள். தொண்டைக் குழியின்மேல் மெதுவாக ஊதுவார்கள். இறகு விலகும். தோல் கண்ணாடிபோல மெலிசு. உள்ளே சதையின் கருஞ்சிவப்பு தெரிந்தால் கொழுப்பு இல்லை. வெண்ணெய் நிறத்தில் குழி நிரம்பியிருந்தால் உண்டு. அதற்கு ஏற்ப சுழியத்திலிருந்து மதிப்பெண் போட்டு, சின்னப் பையில் போட்டு எடை பார்த்து, ஒரு நிமிடத்தில் பறக்கவிட்டுவிடுவார்கள். மதிப்பெண் அதிகம் என்றால் குருவி கொழுகொழுவென்று சுகமாக இருக்கிறது என்றுதானே நினைப்போம்? முண்டந்துறை அப்படி நினைக்காதே என்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் சென்னையில் பால் பாக்கெட்டும் பிரெட்டும் மெழுகுவத்தியும் அடுக்கிவைத்த வீடு வளமான வீடா, பயந்த வீடா? நாளைக்குப் பூச்சி கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள குருவி கொழுப்பைச் சுமப்பதில்லை. சுமந்தால் பறப்பது மந்தமாகும், வல்லூறுக்கு எளிதில் இரையாகும். நம்பிக்கை போனால்தான் சேர்த்து வைக்கும்.

அப்படியென்றால் ஜமைக்காவும் முண்டந்துறையும் முரண்படுகின்றனவா? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு இடங்களிலும் வறட்சி உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்து மட்டும் வேறு. புதர்க்காட்டு ரெட்ஸ்டார்ட் சேமிக்கும் நிலையைக் கடந்து கையிருப்பைத் தின்னத் தொடங்கிவிட்டது. தனக்கென எல்லை வைத்திருந்த கதிர்க்குருவிக்குச் சேமிக்க இன்னும் இடம் இருந்தது. ஆனால் இந்த ஒப்பீட்டிலிருந்து ஒரு கறாரான முடிவு வருகிறது. ஒரே ஒரு நாள் பார்த்த எடை, ஒரே ஒரு மதிப்பெண், குருவி நலமா இல்லையா என்று சொல்லாது. பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, மழை பெய்த ஆண்டில் ஒருமுறை, பொய்த்த ஆண்டில் ஒருமுறை என்று பார்த்தால்தான் பேச்சு.

எடைக்கே இந்தக் கதி என்றால் எண்ணிக்கையின் கதி என்ன? சென்னையின் வாதம் சரிவது இங்கேதான். நம்மிடம் இருப்பவை பட்டியல்கள். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-லிருந்து இயங்குகிறது. 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கிண்டி, தியசாபிகல் சொசைட்டி தோட்டம், ஐஐடி வளாகம், பள்ளிக்கரணை என்று எங்கே என்ன பார்த்தோம் என்பது இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் குவிந்து கிடக்கிறது. பாராட்ட வேண்டிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எடைக்குப் பத்தி கிடையாது. பறவை இருந்தது என்று மட்டும் சொல்லும். புதர்க்காட்டு ரெட்ஸ்டார்டும் பட்டியலில் ஒன்றுதான், அலையாத்தி ரெட்ஸ்டார்டும் ஒன்றுதான். மெலிந்தது பாதி என்று யாரும் எழுதுவதில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு மாதத்தில் இருக்கிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் 1,400 மி.மீ. சொச்ச மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. தை பிறக்கும்போது மரமெல்லாம் தளிர், தளிரெல்லாம் புழு. நகரத்தில் எந்தக் குருவியும் சௌக்கியமாகத் தெரியும் காலம் அது. பிறகு மாசி, பங்குனி என்று மண் காய்ந்து, இலை முற்றி, பூச்சி அருகும். அந்த நேரத்தில்தான் குருவி சிறகை முடித்துக்கொண்டு, சைபீரியா வரை போவதற்கான கொழுப்பையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஜமைக்காவில் நல்ல இடத்துக்கும் மோசமான இடத்துக்கும் வித்தியாசம் விரிந்ததும் இதே ஜனவரி–மார்ச் வறட்சியில்தான். நாம் கல்யாண வீட்டில் ஆளெடுத்துவிட்டு ஊரே சாப்பிட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறோம்.

கோட்டைவிட்ட ஒரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். 2015 நவம்பரில் சென்னையில் ஒரே மாதத்தில் 1,000 மி.மீ.க்கு மேல் மழை. டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. போதாக்குறைக்கு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கிண்டியிலும் அடையாற்றிலும் மேல்தட்டே கிழிந்துபோனது. மிக ஈரமான குளிர்காலமும் மிக வறண்ட குளிர்காலமும் அடுத்தடுத்து வந்ததும், இரண்டாவதில் பாதியில் வீடே போனதும், எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு அமைக்க முடியாத சோதனை. ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பும் பழக்கமுள்ள பறவைகள் அந்த இரண்டு பங்குனிகளிலும் என்ன எடையில் இருந்தன, எப்போது கிளம்பின, எத்தனை திரும்பின என்று ஒரு வளாகத்திலாவது பார்த்திருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. விழுந்த மரங்களை எண்ணினோம். அதில் தங்கியிருந்தவற்றை விட்டுவிட்டோம்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று கனமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2023-இல், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருப்பதாகச் சொன்னது. வலசை வருபவற்றுக்கு அடி பலம். உடனே நம் ஏரியையும் தோப்பையும் அழித்ததுதான் காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் குருவியின் ஆண்டில் மூன்று வீடுகள் இருக்கின்றன: கூடு கட்டும் வடக்கு, வழியில் இறங்கும் மத்திய ஆசியா, தங்கும் தெற்கு. எதில் அடி விழுந்தாலும் இங்கே எண்ணிக்கை குறையும். வட அமெரிக்காவிலேயே இந்த வழக்கு எண்பதுகளிலிருந்து நடக்கிறது. வெப்பமண்டலக் காடழிப்புதான் காரணம் என்று ஒரு தரப்பு, அங்கேயே கூடு கட்டும் காடுகள் துண்டானதுதான் காரணம் என்று இன்னொரு தரப்பு. ஜமைக்கா ஆய்வு நிறுவியது தனிக்குருவியின் நலத்தை. ஓர் இனம் முழுவதும் ஏறுவதும் இறங்குவதும் எதனால் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நம் ஊரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, 1959-இல் பறவையை ஏற்றிய அவசரத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

இரக்கமும் சான்றைக் குழப்பும். புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக் குருவி வரும்போது சென்னையில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு காட்சி உண்டு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டி இரவில் பறந்து வரும் அந்தப் பல வண்ணக் குருவி, விடிகாலையில் மாடிப்படியிலோ ஸ்கூட்டருக்கு அடியிலோ ஒடுங்கி நிற்கும். “கிளிக்குஞ்சு மாதிரி இருக்கே மாமி, எங்கேர்ந்து வந்தது?” என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்பான். மாமி டபராவில் தண்ணீரும் நாலு பருக்கைச் சோறும் வைப்பாள். மண்ணில் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும் பறவை அந்தச் சோற்றை ஏறெடுத்தும் பாராது. பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்தச் சோர்வு வழிப்பயணத்தின் சோர்வு. நகர விளக்கும் கண்ணாடியும் அதைக் கூட்டியிருக்கலாம். நம் ஊரில் தங்கியதன் விளைவாக அதைக் காட்ட முடியாது. (பறவையியல் கணக்கில் ஆறுமணிக் குருவி பாட்டுக்குருவிகளின் வகையறாவில் சேராது என்பது வேறு. மாமிக்கு அது முக்கியமில்லை.) தங்குமிடம் அதை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ஐப்பசியில் மாடிப்படியை விட்டுவிட்டு, பங்குனியில் மரத்தடிச் சருகைப் பார்க்க வேண்டும். பெருக்கிக் குவித்துக் கொளுத்திய வளாகத்தில் அந்தச் சருகு இருக்காது.

ஆக, தீர்ப்பு. வெப்பமண்டலத் தங்குமிடத்தின் தரம் வலசைக் குருவியின் உடம்பைத் தீர்மானிக்கிறதா என்றால், ஆம். சோதனையால் நிறுவப்பட்டது, நம் தெற்கத்திக் காட்டிலும் அதன் சுவடு உண்டு. அதனால்தான் அவை குறைகின்றனவா என்றால், பகுதி அளவுக்கு மேல் சொல்லச் சான்று போதாது. சென்னையில் அவை நலமாக இருக்கின்றனவா என்ற கேள்விக்கு “வருகின்றனவே” என்று சொல்லும் பதில் தள்ளுபடி. வருவது போன ஆண்டு பிழைத்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பிழைக்காதது வந்து சாட்சி சொல்லாது.

கிண்டி, அடையாறு, தாம்பரம் வளாகங்களில் உரிய அனுமதியோடு ஒரு வலை கட்டி, கார்த்திகையிலும் பங்குனியிலும் அதே குருவிகளை எடைபார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. ஒரு கல்லூரி விலங்கியல் துறையும் அனுபவமுள்ள ஒரு வளையமிடுபவரும் போதும். அதுவரை வலையும் தராசும் இல்லாத நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மோசமான இடத்துக் குருவி தாமதமாகக் கிளம்புகிறது என்பது ஜமைக்கா சொன்ன பாடம் என்றால், கிளம்பும் தேதி ஓர் அளவுகோல். எல்லாரும் பருவத்தின் முதல் குருவியைப் பார்த்த நாளைத்தான் பெருமையாக எழுதுகிறார்கள். கடைசியாகக் கேட்ட நாளை எழுதுபவர் குறைவு. உங்கள் தெருவில் ஒரு வேலி, ஒரு புங்கமரம் இருந்தால், மார்ச் நடுவிலிருந்து தினமும் காலையில் இரண்டு நிமிடம் அந்தச் “சக்... சக்...” கேட்கிறதா என்று கவனித்து, கேட்காத நாளையும் சேர்த்து இ-பேர்டில் பதிவு செய்யுங்கள். ஒரு வருஷத்துத் தேதி ஒன்றும் சொல்லாது. மழை பெய்த ஆண்டு, பொய்த்த ஆண்டு, தழைத்த வளாகம், மொட்டை அடித்த வளாகம் என்று பத்து வருஷத் தேதிகளை அடுக்கிவைத்தால் பேசும். பொங்கலுக்கு எண்ண வருபவர்கள் பங்குனி உத்திரத்துக்கும் ஒருமுறை வாருங்கள்.